இத்தனை பேரும் மே 31-லா பிறந்தார்கள்?

ஒரே பட்டியலில் இத்தனை பேர் மே 31 அன்று பிறந்திருக்க வழியில்லை என்று முதலில் சொன்னது நானில்லை, எங்கள் டெஸ்டரும் இல்லை. கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு அம்மாதான் போன் போட்டுச் சொன்னார். "தம்பி, சர்வீஸ் ரெஜிஸ்டர்ல ஜூன் ஒண்ணுன்னு இருக்கு, உங்க லிஸ்ட்ல மே முப்பத்தொண்ணுன்னு வருது. ஒருத்தர் ரெண்டு பேர்னா எழுத்துப் பிழைன்னு விட்டுடுவேன், இது பக்கம் பக்கமா வருதே."

ஓய்வு பெற்றவர்களுக்கு மாதத் தொகை, மருத்துவக் காப்பீடு, வருடா வருடம் ஆயுள் சான்று, இதையெல்லாம் நிர்வகிக்கிற மென்பொருள் அது. யாருக்காகச் செய்தோம் என்பது வேண்டாம். 80 வயது நிறைகிற மாதத்தின் முதல் தேதியிலிருந்து கூடுதல் தொகை என்று அதில் ஒரு விதி உண்டு. அதனால் ஒருவர் ஜூன் 1-ல் பிறந்தவரா மே 31-ல் பிறந்தவரா என்பது ஒரு நாள் வித்தியாசம் இல்லை, ஒரு மாதப் பணம்.

ஜூன் 1-ல் ஏன் அத்தனை பேர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம், நம் ஊரில் கேட்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் வாத்தியார் பிறந்த தேதி கேட்பார், வீட்டில் யாருக்கும் தெரியாது, ஐந்து வயது நிறைந்த மாதிரி அவரே ஒரு தேதியைப் போட்டு எழுதிக்கொள்வார். பள்ளி திறப்பது ஜூனில் என்பதால் ஜூன் 1 கைக்கு வாகான தேதி. அந்த வாத்தியார்கள் மட்டும் விதவிதமாகத் தேதி போட்டிருந்தால் இந்த பக், அதாவது மென்பொருள் கோளாறு, இன்னும் சில வருடம் ஒளிந்தே இருந்திருக்கும்.

சரி, பட்டியலைப் பிறந்த வருடப்படி அடுக்கிப் பார்த்தேன். 1941 ஜூன் 1, சரியாக இருக்கிறது. 1942 ஜூன் 1, சரி. 1943, 1944, 1945 மூன்றிலும் மே 31. 1946-லிருந்து மறுபடி சரி. ஒரு நாள் தள்ளிப் போகிற பக் எனக்குப் புதிதில்லை, இந்தியாவில் வேலை பார்க்கிற எந்த டெவலப்பருக்கும் அது பழகிப்போன தலைவலி. ஆனால் மூன்றே மூன்று வருடத்துக்கு மட்டும் தள்ளிப் போகிற பக்கை அதுவரை நான் பார்த்ததில்லை. டெஸ்ட் சர்வரில் போய்ப் பார்த்தால் எல்லாருக்கும் சரியாக இருக்கிறது. அங்கேதான் கொஞ்சம் பயமே வந்தது.

சர்வர் ஜாவா, பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட், நடுவில் இரண்டும் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் எழுத்து வடிவமான ஜேசன். பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து ஒரு பெரியவரின் பதிவைப் பார்த்தேன். பிறந்த தேதி என்ற இடத்தில் இருந்தது இது: -839053800000. யூடிசி என்கிற உலகப் பொது நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எண்ணிய மில்லிசெகண்ட். அவர் அதற்கு முன்பே பிறந்தவர் என்பதால் கழித்தல் குறி. இந்த எண்ணை வாங்கிக்கொண்ட எங்கள் ஜாவாஸ்கிரிப்ட், அதோடு 19800000-ஐக் கூட்டி, வந்ததை யூடிசி என்று வைத்துக்கொண்டு நாள், மாதம், வருடத்தைப் பிரித்துத் திரையில் போட்டது. 19800000 என்றால் ஐந்தரை மணி நேரம், யூடிசியைவிட இந்திய நேரம் (ஐஎஸ்டி) முன்னால் இருக்கும் அளவு. அந்த வரிக்கு மேலே எனக்கு முன்னால் இருந்த யாரோ ஒரு புண்ணியவான் "ஐஎஸ்டி ஃபிக்ஸ்" என்று கமென்ட் எழுதி வைத்திருந்தார்.

கையால் கணக்குப் போட்டேன். அந்த எண் யூடிசியில் 1943 மே 31, மாலை 5:30. ஐந்தரையைக் கூட்டினால் இரவு 11:00. நள்ளிரவுக்கு ஒரு மணி நேரம் குறைகிறது. அதாவது சர்வர் கழித்தது ஐந்தரை மணி இல்லை, ஆறரை மணி.

ஜாவாவைக் குறை சொல்லக் கிளம்பி, கடைசியில் சரித்திரம் படித்துவிட்டு வந்தேன். இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அந்த மூன்று வருடமும் நம் நேரம் யூடிசியோடு 6:30. உலகத்தில் எந்த ஊரில் எப்போது கடிகாரத்தை மாற்றினார்கள் என்பதையெல்லாம் ஒரு பொது அட்டவணையாக வைத்திருக்கிறார்கள், 1980-களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது, 2011-லிருந்து இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐயானாவின் பொறுப்பில் இருக்கிறது. நம் போன், ஜாவா, பைத்தான் எல்லாம் டைம்ஸோனுக்கு நம்புவது அதைத்தான். ஏசியா/கொல்கத்தா என்ற தலைப்புக்குக் கீழே அந்தப் போர்க்கால ஒரு மணி நேரமும் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. அதே அட்டவணைப்படி 1941 அக்டோபரிலிருந்து 1942 மே நடுவரையும் 6:30தான், நடுவில் சில மாதம் 5:30-க்குத் திரும்பி மறுபடி 6:30. 1942 ஜூன் 1 தப்பித்தது அந்த இடைவெளியில் விழுந்ததால்தான்.

ஆக ஜாவா செய்தது நூற்றுக்கு நூறு சரி. டேட்டாபேஸில் வெறும் தேதியாக இருந்த 1943-06-01-ஐ எடுத்து, "இந்தியாவில் அன்றைய நள்ளிரவு" என்று ஒரு நேரப்புள்ளியாக்கி, அன்று அமலில் இருந்த ஆறரை மணியைக் கழித்துக் கொடுத்தது. பிரவுசர் பக்கம் இருந்த கோடுதான் இந்தியா என்றால் எப்போதும் ஐந்தரை என்று நினைத்துக்கொண்டிருந்தது. டெஸ்ட் சர்வரின் டைம்ஸோன் யூடிசி. அங்கே நள்ளிரவு என்றால் யூடிசி நள்ளிரவு, அதோடு ஐந்தரை கூட்டினால் விடிகாலை 5:30, தேதி மாறாது. எவ்வளவு டெஸ்ட் செய்திருந்தாலும் அங்கே இது சிக்கியிருக்காது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவே அதற்காகத்தான். பிறந்த தேதி என்பது நேரப்புள்ளி இல்லை. அதற்கு மணி கிடையாது, டைம்ஸோன் கிடையாது, அது காலண்டரில் ஒரு கட்டம், அவ்வளவுதான். அந்தப் பெரியவர் சிங்கப்பூருக்குப் போனாலும் அவர் பிறந்த தேதி மாறாது. ஆனால் ராக்கெட் ஏவிய கணம், ஒரு பணப் பரிமாற்றம் நடந்த கணம், இவை நேரப்புள்ளிகள். உலகம் முழுக்க ஒரே கணம்தான், ஊருக்கு ஊர் கடிகாரம்தான் வேறு எண்ணைக் காட்டும். இரண்டுக்கும் ஒரே டைப்பைப் பயன்படுத்துவதில்தான் பாதி பக் பிறக்கிறது. ஜாவாவின் பழைய டேட் பெயரில்தான் தேதி, உள்ளே இருப்பது மில்லிசெகண்ட். 1995-ல் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டை அவசரமாக உருவாக்கியபோது அதையே அப்படியே எடுத்துக்கொண்டார்கள், மாதத்தைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிற கோளாறு உட்பட. ஜாவா தன் பக்கத்தை 2014-ல், எட்டாம் பதிப்பில் சரிசெய்துகொண்டது. தேதி மட்டும் என்றால் லோக்கல்டேட், நேரப்புள்ளி என்றால் இன்ஸ்டன்ட், ஊரோடு சேர்ந்த நேரம் என்றால் ஸோன்ட்டேட்டைம் என்று தனித்தனி டைப்.

ஜேசனுக்கோ இந்தச் சண்டையே தெரியாது. அதில் எழுத்துத் தொடரான ஸ்ட்ரிங் உண்டு, எண் உண்டு, உண்மை பொய் உண்டு, மதிப்பே இல்லை என்று சொல்லும் நல் உண்டு, வரிசையான அரே, ஆப்ஜெக்ட் உண்டு. தேதி கிடையாது. ஜேசனின் தர ஆவணமாக 2017-ல் வந்த ஆர்எஃப்சி 8259-ஐத் தேடினாலும் கிடைக்காது. அதனால் தேதியை எப்படி எழுதுவது என்று ஒவ்வொரு லைப்ரரியும் தன் மனம்போல ஒரு முடிவு எடுத்துவைத்திருக்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அந்த முடிவுதான் நம் ஒப்பந்தம்.

சரி, எப்படிச் சரிசெய்தோம் என்ற கதைக்கு வருகிறேன், அது ஒரே நாளில் முடியவில்லை.

முதலில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் முயன்றான். டேட் டைப்பை அப்படியே விட்டுவிட்டு, ஜாவாவில் ஜேசன் எழுதும் லைப்ரரியான ஜாக்சனின் ஜேசன்ஃபார்மேட் அனோட்டேஷனில் வருடம்-மாதம்-நாள் என்று பேட்டர்ன் மட்டும் கொடுத்தான். அரை மணி நேரத்தில் எல்லாருடைய பிறந்தநாளும் ஒரு நாள் முன்னால் போய்விட்டது. போரில் பிறந்தவர், அமைதியில் பிறந்தவர் என்ற பாகுபாடே இல்லை. காரணம், ஜாக்சன் பேட்டர்னைப் போடும்போது எடுத்துக்கொள்ளும் டைம்ஸோன் யூடிசி, சர்வரின் டைம்ஸோன் இல்லை. நம் ஊர் நள்ளிரவு யூடிசியில் முந்தின நாள் மாலை. டைம்ஸோன் என்ற இடத்தில் ஏசியா/கொல்கத்தா என்று கொடுத்ததும் சரியாகிவிட்டது. "முடிஞ்சுதுண்ணா" என்றான். முடியவில்லை என்று நான்தான் அடம்பிடித்தேன். நாளைக்கு யாராவது சர்வரை கன்டெய்னருக்கு மாற்றி அதன் டைம்ஸோன் யூடிசி ஆகிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறந்த தேதிக்காக சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்று யோசிப்பது எனக்கு ஒப்பவில்லை.

லோக்கல்டேட்டுக்கு மாற்றினோம். உடனே ஜாக்சன், இந்த டைப் எனக்குத் தெரியாது, தனி மாட்யூலைச் சேர் என்று எரரைத் தூக்கிப் போட்டது. இதை நான் நல்ல குணம் என்பேன், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறதே. மாட்யூலைச் சேர்த்தோம். இப்போது ஜேசனில் வந்தது [1943,6,1] என்று ஒரு அரே. ஆமாம், அரே. ஜாக்சன் 2-ல் "ரைட் டேட்ஸ் அஸ் டைம்ஸ்டாம்ப்ஸ்" என்ற செட்டிங் தானாகவே ஆனில் இருக்கும், அது ஆனில் இருந்தால் லோக்கல்டேட் அரேயாகவும் இன்ஸ்டன்ட் புள்ளி வைத்த நீளமான எண்ணாகவும் வரும். ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட் அதை ஆஃப் செய்துதான் கொடுக்கிறது, ஆனால் எங்கள் புராஜெக்டில் யாரோ ஜாக்சனின் ஆப்ஜெக்ட்மேப்பரைத் தானே நியூ போட்டு உருவாக்கி வைத்திருந்ததால் ஸ்பிரிங்கின் செட்டிங் அதற்குப் போய்ச் சேரவில்லை. ஜாக்சன் 3-ல் இந்த வழக்கத்தையே மாற்றி ஸ்ட்ரிங்காக்கிவிட்டார்கள், நல்ல வேளை.

நான் செட்டிங்கை மாற்றுவதற்குள் பிரவுசர் பக்கம் இருந்தவர் அந்த அரேயை அப்படியே விரித்து டேட்டுக்குள் போட்டுவிட்டார். ஜாவாஸ்கிரிப்டில் 6 என்றால் ஜூலை. அந்த அம்மா மறுபடி போன் செய்தார். "தம்பி, இப்ப எல்லாரும் ஜூலை ஒண்ணுல பொறந்துட்டாங்க."

அப்புறம் ஒருவழியாக ஜேசனில் "1943-06-01" என்று பத்தே எழுத்தில் ஒரு ஸ்ட்ரிங் வந்தது. அதைப் பார்த்தபோது ஏற்பட்ட நிம்மதியை வேறு மொழிக்காரர்களிடம் விளக்க முடியாது. ஆனால் அந்த நிம்மதியும் நியூ ஜெர்சி வரைக்கும்தான் போனது. அங்கிருக்கும் ஒரு மகன் தன் அப்பாவின் கணக்கைத் திறந்து பார்த்தார், பிறந்த தேதி மே 31 என்று இருந்தது. வெறும் தேதியாக இருக்கும் ஸ்ட்ரிங்கை ஜாவாஸ்கிரிப்டின் டேட்டிடம் கொடுத்தால் அது யூடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். பின்னால் மணியும் சேர்ந்திருந்து யூடிசியிலிருந்து எத்தனை மணி வித்தியாசம் என்கிற ஆஃப்செட் மட்டும் இல்லை என்றால் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இப்படி இரண்டுக்கும் இரண்டு விதி, ஏன் என்று கேட்கக் கூடாது, பழைய வலைத்தளங்கள் உடையக் கூடாது என்று நடந்த சமரசம். யூடிசி நள்ளிரவு நமக்கு அதே நாள் காலை, அமெரிக்காவுக்கு முந்தின நாள் இரவு. நாங்கள் சென்னையில் உட்கார்ந்து எத்தனை முறை பார்த்தாலும் சரியாகத்தான் தெரியும். கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு இந்த பக் கண்ணிலேயே படாது.

அதனால் இப்போது எங்கள் கோடில் பிறந்த தேதி டேட்டாக மாறுவதே இல்லை. ஸ்ட்ரிங்காக வருகிறது, ஹைஃபன் வரும் இடங்களில் மூன்றாக வெட்டுகிறோம், திரையில் போடுகிறோம். இதைப் பார்த்து ஒரு சீனியர், "ஸ்ட்ரிங்கை வெட்டுறது எல்லாம் ஒரு இன்ஜினியரிங்கா?" என்றார். ஆமாம் சார், இதுதான் சரி. ஜாவாஸ்கிரிப்டில் டெம்போரல் என்று புதிதாக வந்திருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸ் 2025 மே மாதத்திலேயே 139-ஆம் பதிப்பில் கொடுத்துவிட்டது. அதில் தேதி மட்டும் வைக்க பிளெயின்டேட் என்று தனி டைப் உண்டு, ஜேசனாக்கினால் பத்து எழுத்துத்தான் வரும். எல்லா பிரவுசரிலும் நிலைபெற்ற பிறகு வெட்டுவதை விட்டுவிடுவேன்.

வருகிற வழி சரியானது, போகிற வழியில் இன்னொன்று. தேதியைத் தேர்ந்தெடுக்கிற காலண்டர் பெட்டி கொடுப்பது டேட் ஆப்ஜெக்ட். சென்னையில் ஒருவர் 1943 ஜூன் 1-ஐத் தொட்டால் அது உள்ளூர் நள்ளிரவு. அதை ஜேசனாக்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் யூடிசிக்கு மாற்றித்தான் எழுதும், மே 31, 17:30, கடைசியில் யூடிசி என்பதற்கு அடையாளமாக ஒரு இசட். அந்தப் பக்கம் லோக்கல்டேட்டாக வாங்குகிற ஜாக்சன், பின்னால் தொங்கும் மணியையும் இசட்டையும் கழற்றிப் போட்டுவிட்டு மே 31 என்று சத்தமே இல்லாமல் வைத்துக்கொள்ளும். பிரவுசர்கள் இப்படித்தான் அனுப்பும் என்று தெரிந்தே விட்டுக்கொடுத்து எழுதியிருக்கிறார்கள். இந்தக் கருணை எனக்கு வேண்டாம், முகத்தில் அடித்தாற்போல் எரர் கொடுத்தால்தான் எனக்குப் பிடிக்கும்.

இதைத் தடுக்கப் போய் ஒரு சாயங்காலமே போச்சு. ஜேசனாக்கும் ஃபங்ஷனுக்கு ரிப்ளேஸர் என்று ஒன்றைக் கொடுக்கலாம், மதிப்பு டேட்டாக இருந்தால் நான் சொல்கிறபடி எழுது என்று. எழுதினேன். ஒரு தடவைகூட அந்த நிபந்தனை உண்மையாகவில்லை. பிரேக்பாயிண்ட் போட்டுப் பார்த்தால் என் ரிப்ளேஸருக்கு வருகிறபோதே அது ஸ்ட்ரிங்காக மாறியிருக்கிறது, ஏனென்றால் டேட்டின் டுஜேசன் மெத்தட் ரிப்ளேஸருக்கு முன்பே ஓடிவிடும். மூல ஆப்ஜெக்ட் வேண்டுமென்றால் திஸ் வழியாக எடுக்க வேண்டும், நான் எழுதியிருந்ததோ ஏரோ ஃபங்ஷன், அதற்குத் தனக்கென்று திஸ் கிடையாது. தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அன்று வரவில்லை.

எல்லாம் முடிந்தபின் சும்மா ஒரு சரிபார்ப்புக்காக அந்த மூன்று வருடத்துக்காரர்கள் சிலருக்குப் போன் செய்தோம். ஒரு பெரியவரிடம், "ஐயா, உங்க பிறந்த தேதி ஜூன் 1, 1943தானே?" என்றேன். "சர்டிபிகேட்படி அதுதான் தம்பி. நான் பொறந்தது ஐப்பசி அடைமழையில, எங்கம்மா சொல்லுவாங்க" என்றார். டேட்டாபேஸில் அதற்கு இடமில்லை.

இந்தப் புராஜெக்டில் ஜாவா மட்டும் இல்லை. மாதாந்திர அறிக்கைகள் பைத்தானில். பைத்தான் தேதி விஷயத்தில் கறாரான ஆள், டேட்டைமை ஜேசனாக்கச் சொன்னால் முடியாது என்று டைப்எரர் கொடுத்துவிடும். உடனே எல்லாரும் செய்வது, டீஃபால்ட் என்ற இடத்தில், எதையும் ஸ்ட்ரிங்காக்கும் எஸ்டிஆர் என்று போட்டுவிட்டு நகர்வது. எரர் போய்விடும், ஆனால் தேதிக்கும் மணிக்கும் நடுவே வர வேண்டிய டி என்ற எழுத்துக்குப் பதில் ஒரு காலி இடம் வரும், அந்தப் பக்கம் கறாராகப் படிக்கிறவர் இதை ஏற்க மாட்டார். அந்த டி-யோடு எழுதித் தரும் ஐசோஃபார்மேட் பயன்படுத்துகிறவர்களுக்கு வேறு ஒரு கண்ணி. மைக்ரோசெகண்ட் பூஜ்யமாக இருந்தால் அந்தப் பகுதியையே விட்டுவிடும். அதாவது லட்சக்கணக்கான முறை புள்ளிக்குப் பின் ஆறு இலக்கத்தோடு வரும், என்றோ ஒரு நாள் புள்ளியே இல்லாமல் வரும், அன்றைக்கு வாங்குகிறவர் பேட்டர்ன் உடைந்து விழும். அந்த டிக்கெட்டை மறுபடி நடத்திக் காட்டுங்கள் என்று கேட்டால் யாராலும் முடியாது. இன்னொன்று, அதைத் திரும்பப் படிக்கும் பைத்தானின் ஃபிரம்ஐசோஃபார்மேட் கடைசியில் இசட் இருந்தால் 3.11 வரும்வரைக்கும் படிக்கவே மறுத்தது. உலகமே இசட் போட்டு அனுப்புகிறது, இவர்கள் 2022 அக்டோபரில்தான் ஒத்துக்கொண்டார்கள்.

குறுஞ்செய்தி அனுப்பும் சர்வீஸ் கோலாங் மொழியில். ஒருநாள் திரையில் ஒருவருக்கு "கடைசியாக ஆயுள் சான்று கொடுத்தது: 1-1-0001, 05:53:28" என்று வந்தது. கோலாங்கில் டைம் டைப்புக்கு நல் கிடையாது, நிரப்பாமல் விட்டால் கி.பி. 1 ஜனவரி 1 என்று நிற்கும். காலியானதை ஜேசனில் எழுதாதே என்று சொல்லும் ஒமிட்எம்ப்டி போட்டாலும் டைம் ஒரு ஸ்ட்ரக்ட் என்பதால் அது வேலை செய்யாது, 2025-ல் வந்த 1.24-ல்தான் ஒமிட்ஸீரோ என்று ஒன்றைக் கொடுத்தார்கள். அதெல்லாம் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது அந்த 05:53:28. பூஜ்ய மணிக்கு ஐந்தரையைக் கூட்டினால் 05:30 தானே வர வேண்டும்? அது கல்கத்தாவின் தலைக்கு மேல் சூரியன் வருவதை வைத்துக் கணக்கிட்ட பழைய உள்ளூர் நேரம். அட்டவணையில் ஏசியா/கொல்கத்தாவின் முதல் வரி அதுதான், அடுத்த வரிக்கு முந்தின எந்தத் தேதியைக் கேட்டாலும் பிரவுசர் அதையே கொடுக்கும். இரண்டு வரி கீழே நம் மதராஸ் நேரமும் இருக்கிறது, 5:21:10, இப்போதைய இந்திய நேரம் 1906 ஜனவரி 1-ல் வரும்வரை. இனிமேல் எந்தத் திரையிலாவது 05:53:28 என்று பார்த்தால் தேடிக்கொண்டிருக்காதீர்கள், எங்கோ ஒரு தேதி காலியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஜாவாவின் இன்னொரு ஜேசன் லைப்ரரியான ஜிசானைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், கோபம் வருகிறது. எதுவும் சொல்லாமல் விட்டால் அது டேட்டை அந்தக் கணினியின் மொழி, நாடு அமைப்புக்கு ஏற்ப மனிதர் படிக்கும் வாக்கியமாக எழுதும். 2023-ல் வந்த ஜாவா 20-ல், நேரத்துக்கும் ஏஎம் பிஎம்முக்கும் நடுவே இருந்த சாதாரண இடைவெளி ஒரு ஒல்லியான, உடையாத இடைவெளியாக மாறியது, யூனிகோட் அமைப்பின் மொழித் தரவில் நடந்த மாற்றம் அது. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பழைய பதிப்பு எழுதியதைப் புதியது படிக்கவில்லை. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் பக்கம் பழைய சர்வீஸ்கள் டேட் என்று எழுதி அடைப்புக்குள் மில்லிசெகண்ட் போட்டு அனுப்பும், இருபுறமும் சாய்வுக் கோடு வேறு. அங்கே பயன்படும் நியூட்டன்சாஃப்டின் ஜேசன் லைப்ரரி 2012-லேயே அதை விட்டுவிட்டது, ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு, தேதி மாதிரி தெரிகிற எந்த ஸ்ட்ரிங்கையும் கேட்காமலே தேதியாக மாற்றிவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு "எல்லாத்தையும் யூடிசியில் வைத்தால் போதுமே" என்று யாராவது சொல்வார்கள். நடந்து முடிந்த சமாசாரத்துக்குப் போதும். இனி நடக்கப் போவதற்குப் போதாது. ஆயுள் சான்று வாங்குவது நவம்பரில். வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்களுக்கு வீடியோ அழைப்பு. அக்டோபரில் ஒருவர் நியூ ஜெர்சியிலிருந்து நவம்பர் 10, காலை 9:30 என்று பதிவு செய்தார். எங்கள் கோடு அவர் பிரவுசரிடம், இப்போது உன் ஆஃப்செட் என்ன என்று கேட்டது. இன்று என்ன என்று கேட்டதே தவிர நவம்பர் 10 அன்று என்ன என்று கேட்கவில்லை. அக்டோபரில் அங்கே யூடிசியிலிருந்து நான்கு மணி பின்னால், நவம்பர் முதல் ஞாயிறு தாண்டினால் ஐந்து மணி. யூடிசியில் 13:30 என்று கச்சிதமாகச் சேமித்தோம், நம் ஊர் இரவு 7 மணிக்குச் சரியாகக் கூப்பிட்டோம், அங்கே மணி காலை 8:30. பெரியவர் குளித்துக்கொண்டிருந்தார். மகன் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் என்ன நினைத்திருப்பார் என்று தெரியும்.

இப்போது அந்த மாதிரிப் பதிவுகளுக்கு அவர்கள் சொன்ன உள்ளூர் நேரத்தையும் அமெரிக்கா/நியூயார்க் என்ற டைம்ஸோன் பெயரையும் ஜேசனில் இரண்டு தனித் தனி ஃபீல்டாக அனுப்புகிறோம், யூடிசி கணக்கைக் கூப்பிடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் போடுகிறோம். ஆஃப்செட் வேறு, டைம்ஸோன் வேறு. ஆஃப்செட் என்பது அந்த ஒரு கணத்தின் விடை, டைம்ஸோன் என்பது விடை கண்டுபிடிக்கும் விதி. நேரத்துக்குப் பின்னால் சதுர அடைப்புக்குள் டைம்ஸோன் பெயரையும் சேர்த்து ஒரே ஸ்ட்ரிங்காக எழுத 2024-ல் ஆர்எஃப்சி 9557 என்று ஒரு தரமும் வந்துவிட்டது, ஆனால் நாங்கள் பேசுகிற எல்லா லைப்ரரியும் அதைப் படிக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இன்னும் வரவில்லை, அதனால் இரண்டு ஃபீல்டு.

டெஸ்ட் எழுதும்போது இப்போதெல்லாம் நான் வைக்கும் தேதிகள் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். 1943 ஜூன் 1 கட்டாயம். அன்று தப்பித்த 1942 ஜூன் 1-ம் பக்கத்திலேயே. சிங்கப்பூர் ஏழரை மணியிலிருந்து எட்டு மணிக்குத் தாவிய 1982 ஜனவரி 1. டிசம்பர் 30 ஒன்று, பேட்டர்னில் வருடத்துக்குப் பெரிய எழுத்தில் ஒய் போட்டு, வாரக் கணக்குப்படி வரும் வருடத்தை வாங்கிக்கொண்டு, புத்தாண்டை இரண்டு நாள் முன்னாலேயே கொண்டாடுகிறவர்களைப் பிடிப்பதற்கு. மைக்ரோசெகண்ட் பூஜ்யமாக ஒன்று. காலியாக ஒன்று. டெஸ்ட் மொத்தத்தையும் சர்வரின் டைம்ஸோனை மாற்றி மாற்றி மூன்று முறை ஓட்டுகிறோம், யூடிசி, கொல்கத்தா, நியூயார்க் என்று. கூடுதலாக ஆகிற நேரம் ஒரு டீ குடிக்கிற நேரம்.

செயலிகள் தகவல் கேட்கும் சர்வர் முகவரியான எண்ட்பாயிண்டுகளில் பழையது ஒன்று மட்டும் இன்னும் மில்லிசெகண்டையே கொடுத்துக்கொண்டிருக்கிறது. இன்னும் அப்டேட் செய்யாத ஒரு பழைய ஆண்ட்ராய்டு செயலி அதை நம்பி இருப்பதால் நிறுத்த முடியவில்லை. அந்தச் செயலியில் 19800000 கூட்டுகிற வரியும் அப்படியே இருக்கிறது. அதனால் சர்வர் பக்கத்தில், அந்த எண்ட்பாயிண்டுக்கு மட்டும், எந்த வருடமாக இருந்தாலும் ஐந்தரை மணியையே கழித்து அனுப்பும்படி வேண்டுமென்றே தப்பாக எழுதி வைத்திருக்கிறோம். அதற்கு மேலே நான் போட்ட கமென்ட்: "இது தப்பு என்று தெரியும். தொடாதே. தொட்டால் 1943-ஐப் பார்."